படம் வரையும் கணினிக்கு எந்தச் சந்தா?

சம்பளச் சீட்டைப் படிப்பது தோட்டத்தில் வாழ்ந்த நமக்குப் புதிதன்று. கடைப்பற்று எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தே குடும்பம் நடத்தினோம். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசி வழியே கட்டும் சந்தாவுக்கும் அதே கணக்கு வேண்டும்.

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் வாழ்த்து அட்டை, பதாகை வேலைகள் பெருகும். இவற்றை வீட்டிலிருந்தே செய்து தரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். "மயில், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம்" என்று எழுதிக் கேட்டால், செயற்கை நுண்ணறிவு சிறிது நேரத்தில் படம் வரைந்து தரும். அந்த வேலை நம் கைப்பேசிக்குள் நடப்பதில்லை. தொலைவிலுள்ள பெரிய கணினிகளில் நடக்கிறது. அவற்றின் நேரத்தைத்தான் நாம் வாடகைக்கு எடுக்கிறோம்.

மிட்ஜர்னி என்னும் சேவையைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டில் அதன் மாதச் சந்தா 10, 30, 60, 120 அமெரிக்க டாலர் என நான்கு வகையாக இருந்தது. 10 டாலருக்கு மாதம் ஏறத்தாழ 200 முறை படம் கேட்கலாம். 30 டாலர் கட்டியவர், விரைவு நேரம் தீர்ந்த பின்னும், சற்றுக் காத்திருந்து படம் பெறலாம். மீந்த நேரம் அடுத்த மாதத்துக்கு வராது.

ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. 120 டாலருக்குப் பதில் 96 டாலர்தான். மலிவாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேலை வருவது ஆண்டில் மூன்று மாதமே என்றால், மாதச் சந்தாவாக 30 டாலர் போதும். 24 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 66 டாலரை வீணாக்குவோம்.

டாலர் விலையை வெள்ளிக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். பதிவுபெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் எண்ணியல் சேவைக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் சேவை வரி உண்டு. 2024 மார்ச்சில் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆயிற்று. நாமே நிறுத்தும்வரை மாதந்தோறும் வங்கி அட்டையிலிருந்து பணம் பிடிக்கப்படும் என்பதையும் மறத்தலாகாது. கட்டிய அன்றே, நிறுத்தவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைப்போம்.

மற்றொன்று: இக்கருவிகள் படத்துக்குள் தமிழெழுத்தைப் பிழையாக வரைவதுண்டு. அதிக விலைச் சந்தா வாங்கினால் இக்குறை தீரும் என்று நம்பவேண்டாம். படத்தை மட்டும் வாங்கி, பெயரையும் முகூர்த்த நேரத்தையும் நாமே தட்டச்சு செய்து சேர்ப்பதே நல்லது.

ஆகவே, முதலில் இலவசக் கருவியில் பழகுவோம். கையில் வேலை வந்தபின் ஒரு மாதத்துக்கு மட்டும் சிறிய சந்தா கட்டுவோம். அது போதாமற்போனால் அடுத்ததற்குச் செல்வோம். வேலைக்கேற்ற சந்தா என்றால் வருமானம் வீட்டில் தங்கும். சந்தாவைக் கட்டிவிட்டு வேலை தேடினால், அதுவும் ஒரு கடைப்பற்றாகவே முடியும்.