வேலையாளின் நன்னடத்தைச் சான்று: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

நம் கடையிலுள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்தாக வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை. உணவுப் பொருளைக் கையாளும் ஆளுக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை. இத்தனைக்கும் தவணை வைத்த சட்டம், கல்லாவில் உட்காரும் ஆளைப் பற்றிக் காவல்துறையில் விசாரிக்க மளிகைக் கடைக்கோ மண்டிக்கோ எந்தத் தவணையும் வைக்கவில்லை. விசாரித்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. எனவே அதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் தஞ்சைப் பகுதியில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. சரக்கு கொண்டுவரும் மிராசுதாரரோ, பக்கத்துக் கிராமத்துப் பெரியவரோ ஒரு பையனைக் கையோடு அழைத்து வந்து, “இன்னார் மகன், நம்பி வைத்துக்கொள்ளுங்கள்” என்பார். அந்த வார்த்தைதான் சான்றிதழ். அவன் தவறு செய்தால் ஊரில் சொன்னவருக்குத் தலைகுனிவு. இன்று உள்ளூர்ப் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். நம் கடைக்கு வருகிறவர் ஆயிரம் மைல் தாண்டி வருகிறார். அவருக்காக வார்த்தை சொல்ல இங்கே யாரும் இல்லை. ஆகவே தாளைக் கேட்கிறோம்.

அந்தத் தாளைப் பெற இப்போது வழி இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கான சரிபார்ப்பு, வாடகைதாரர் சரிபார்ப்பு, வீட்டுப் பணியாளர் சரிபார்ப்பு என்று தனித்தனியே விண்ணப்பிக்கலாம். ஆனால் தாள் சொல்வது என்ன என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. விசாரித்த நாள்வரை பதிவேட்டில் என்ன இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். மறுநாள் காலையில் நடப்பது அதில் ஏறாது. இங்கிலாந்தில் இதேபோன்ற சான்றுக்குக் காலாவதித் தேதியே அச்சிடுவதில்லை; வழங்கிய நாளுக்கு மட்டும்தான் அது சரி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குழந்தைகளோடு பணிபுரிகிறவர்களுக்கு ஐந்தாண்டு அனுமதி கொடுத்துவிட்டு, இடையில் புதிய வழக்கு வருகிறதா என்று அரசே தொடர்ந்து கவனிக்கிறது. நமக்கு அப்படிக் கவனித்துச் சொல்ல ஆள் கிடையாது.

நம் நாட்டிலேயே ஒரு கணக்கு உண்டு. தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2006-ல் வகுத்த மாதிரி விதிகளில், காவலாளியின் நன்னடத்தை அறிக்கை மூன்றாண்டு செல்லும் என்று வைத்தார்கள். வாசலில் தடியோடு நிற்பவருக்கு மூன்றாண்டு என்றால், உள்ளே சாவியும் ரொக்கமும் வைத்திருப்பவருக்கும் அதுவே பொருந்தும் என்பது அடியேன் கருத்து. கல்லா, குடோன் சாவி, லைன் வசூல், வங்கிக்குப் பணம் கொண்டுபோவது ஆகிய நான்கு வேலைகளுக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும். மூட்டை இறக்கும் தொழிலாளிக்கும் பொட்டலம் கட்டும் பையனுக்கும் அடையாள அட்டை நகலும் சொந்த ஊர் முகவரியும் இருந்தால் சரி. அவர்களையும் ஸ்டேஷன் வழியாக இழுப்பது வீண் செலவு, வீண் மனக்கசப்பு.

ஆனால் மூன்றாண்டு ஆகவில்லையே என்று சும்மா இருக்கக்கூடாத சமயம் இரண்டு உண்டு. பொட்டலம் கட்டியவரைக் கல்லாவுக்கு மாற்றும்போது ஒன்று. விட்டுப்போனவர் திரும்பி வரும்போது மற்றொன்று. டெல்டா நகரம் ஒன்றில் நமக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி. அவரிடம் லைனுக்குப் போய்க்கொண்டிருந்தவர் விலகி, நான்காண்டு கழித்துத் திரும்பினார். “பழைய ஆள்தானே, சான்றுகூட பைலில் இருக்கிறதே” என்று மறுநாளே வசூல் நோட்டைக் கையில் கொடுத்தார் முதலாளி. பொங்கலுக்கு முந்தைய வாரத்து வசூலோடு போனவர் போனவர்தான். இடைப்பட்ட காலத்தில் வெளியூரில் பண மோசடி வழக்கு ஒன்று இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. பைலில் இருந்த சான்றில் பொய் ஒன்றும் இல்லை. அது வேறொரு காலத்தின் சான்று, அவ்வளவுதான்.

தாளில் வழக்கு என்று வந்துவிட்டால் உடனே ஆளை வெளியே அனுப்பிவிடுவது இன்னொரு அவசரம். வழக்கு வேறு, தண்டனை வேறு. காவிரி நீர் கேட்டுச் சாலை மறியலில் உட்கார்ந்து வழக்கு வாங்கியவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனை பேர்! வரப்புத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கல்லாவில் கைவைத்தவர்களா? என்ன வழக்கு, எந்த ஆண்டு, எப்படி முடிந்தது என்று அந்த மனிதரையே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் நடந்த குற்றம் பொதுவாக ஒருவருக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்று 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவே சொல்கிறது.

அடிக்கடி சோதித்தால் அதிகப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. வெள்ளையர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. பிறந்த குலத்தை வைத்தே பெயரைப் பதிந்து, கைரேகை எடுத்து, இரவுதோறும் ஆண்களைக் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். அதாவது, தினம் ஒரு சரிபார்ப்பு! அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் சட்டம் நீங்கியது. இன்றும் சிலர் “எந்த ஊர், என்ன ஆள்” என்று கேட்டுக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பதா என்று யோசிக்கிறார்கள். விசாரணை என்று வைத்தால் அந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். கல்லாவில் இருக்கும் மைத்துனர் மகனுக்கும் சேர்த்துத்தான்.

தினமும் சோதிக்க வேண்டியது இருப்பையும் சிட்டையையும்தான். முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-வது பிரிவில் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் புகார் கொடுக்கப் போகும்போது கேட்கப்படும் முதல் கேள்வி, “எவ்வளவு குறைகிறது, எப்போதிலிருந்து?” என்பதாகத்தான் இருக்கும். மாதக் கணக்காக இருப்பு எடுக்காதவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

புதுப்பிக்கும் கட்டணத்தை முதலாளியே கட்டுவதுதான் முறை. ஆளின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வந்த தாளைப் பத்திரப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கல்லா மேசையில் போட்டு வருவோர் போவோர் படிக்க விடாதீர்கள். ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும் நாட்களில் விண்ணப்பித்துவிட்டால், தீபாவளிச் சரக்கு இறங்குவதற்கு முன் வேலை முடிந்துவிடும்.