குழிந்த முகமும் திரிவுக் காட்சியும்

தெல்தோட்டைக் கோயில் விழாக்கடையில் வாங்கும் மெல்லிய முகமூடியொன்றன் உட்புறத்தைத் தம்பக்கமாகத் திருப்பி வைத்து, சற்றே விலகி நின்று ஒற்றைக் கண்ணால் நோக்குவார்க்கு அதன் குழிந்த மூக்குப் புடைத்தெழுந்ததாகவே தோன்றும். அவர் நகருங்கால் அம்முகமும் உடன்திரும்புவது போலிருக்கும்.

இதற்குக் காரணம் யாது? விழித்திரையில் விழும் உருவத்துக்கு ஆழமில்லை. அதனை மனமே உய்த்துணர்கின்றது. ஒளி மேலிருந்து வருவதாகக் கொண்டு, நிழலால் மேடுபள்ளங்களை மனம் துணிவதைத் தமிழகத்திற் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் 1988ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் சோதனைகளால் விளக்கினார். முகத்தைப் பொறுத்தவரையிலோ, புடைத்த முகங்களையே கண்டு வந்த பழக்கம் நிழற்சான்றையும் வென்றுவிடுகின்றது.

ஒன்றைப் பிறிதொன்றாகக் காண்டலைச் சைவ சித்தாந்த அளவை நூலோர் திரிவு என்பர். கயிற்றைப் பாம்பெனக் கொண்ட மயக்கம் விளக்கொளியில் அகலும். முகமூடி மயக்கமோ குழிவென அறிந்தபின்னும் அகலாது. அண்மையில் இருகண்ணாலும் நோக்கினாலே உண்மை புலனாகும். ஆதலின், கண்டதே மெய்யெனச் சாதிக்குமுன் வேறு சான்றும் நாடுதல் அறிவுடையார் கடனாம்.