பொறியாளர் சொல் அம்பலம் ஏறுமா?

பிள்ளை பொறியியல் பட்டம் பெற்றதும், எந்த நாட்டில் வேலை, எவ்வளவு ஊதியம் என்று விசாரிக்கிறோம். அங்கே அவன் சொல்லுக்கு நிர்வாகத்திடம் என்ன மதிப்பு என்று விசாரிப்போர் அரிது.

அமெரிக்காவில் 1986 ஜனவரி 27 இரவு நடந்ததைப் பாருங்கள். மறுநாள் ஏவப்படவிருந்த சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் ராக்கெட் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடக்கூடும். ஆகவே ஏவ வேண்டாம் என்று, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசி வழியே வாதாடினர். ரோஜர் பாய்ஜோலி அவர்களுள் முன்நின்றவர். நாசா அதிகாரிகள் அதிருப்தி காட்டவே, நிறுவனத்தார் தனியே கூடிப் பேசினர். பொறியியல் பிரிவின் துணைத் தலைவரான லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை அணியுமாறு மூத்த நிர்வாகி ஒருவர் கூறினார். லண்ட் இசைந்தார். புறப்பட்ட 73ஆம் விநாடியில் ஓடம் சிதறியது, எழுவரும் மாண்டனர்.

லண்டும் பொறியாளரே என்பதைக் கவனிக்க வேண்டும். பதவி உயர உயர வரைபடத்தை விட்டு விலகிக் கணக்கேட்டின் பக்கம் சாய நேர்வது அங்கு பலருக்கும் நேர்வதே. எல்லோருக்கும் அல்ல. இன்றைய வங்கதேசத்தில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான், சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்த பொறியாளர். தாம் பணியாற்றிய நிறுவனத்தின் பங்குதாரராகவும் உயர்ந்தார். ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகள் வந்திறங்கும் கூடார முனையத்திலும் அவர் கைவண்ணம் உண்டு.

ஜெர்மனியில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2000 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் பணியாளர் தரப்புக்கு உரியவை. ஜப்பானிலோ, டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து எச்சரிக்கலாம். உடனே சீராகாவிடில் உற்பத்தி வரிசை நின்றுவிடும். ஆயினும் அதே குழுமத்தைச் சேர்ந்த டைஹாட்சுவில் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடுகள் நடந்தது 2023இல் வெளிப்பட்டது. காலக்கெடு நெருக்கடியே காரணம் என்றது விசாரணைக் குழு. கயிறு இருந்தால் போதாது போலும்!

நம்மவர் மிகுதியாக வாழும் வளைகுடாவில் விசாவே நெடுங்காலம் முதலாளியின் பிடியில் இருந்தது. வேலை மாறும் விதிகளைக் கத்தார் 2020இலும் சவூதி 2021இலும் தளர்த்தின. எனினும், ஊரில் கடனை வைத்துவிட்டுச் சென்றவன் "இந்தத் தூண் தாங்காது" என்று மேலாளரிடம் சொல்லத் துணிவது எளிதன்று. பிறர் உயிர் அவனிடம் அமானிதமாக இருக்கிறது. வீட்டாரோ மாதப் பணத்தை எதிர்பார்த்திருக்கின்றனர். அந்நிலையில் வாய்மொழி மறுப்பினும் எழுத்து மறுப்பே அவனுக்கு அரண். பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே அபாயத்தை எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். பின்னர் விசாரணைக் குழுவின் முன் அக்கடிதமே சாட்சியாக நின்றது.