புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர்!

ஊமையான புரோகிராமைப் பேச வைக்கும் வித்தை

குள்ளஞ்சாவடியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அந்த வீட்டுக்காரர் 1995-ம் ஆண்டில் ஒரு நல்ல காரியம் செய்தார். தன் தாயார் வயலில் பாடிய நடவுப் பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கேட்டார். அவற்றைக் கம்ப்யூட்டரில் தமிழில் டைப் அடித்து வைத்தார். இன்று அந்தத் தாயார் இல்லை. அந்தப் பாட்டு தெரிந்தவர்களும் இல்லை.

சமீபத்தில் மகள் புதிய கம்ப்யூட்டர் வாங்கினாள். பழைய பிளாப்பியில் இருந்த புரோகிராமையும் பாட்டுகளையும் அதில் பிரதி எடுத்தாள். புரோகிராமைத் தட்டினாள்.

"இது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது" என்று பதில் வந்தது!

"என்னப்பா இது? ஆயா பாட்டெல்லாம் போச்சா?" என்று பதறினாள் மகள்.

"அப்போ நல்லாத்தானேம்மா ஓடிச்சு!" என்றார் அப்பா.

குடும்பம் கற்பனை. ஆனால் இந்தக் கஷ்டம் பல வீடுகளிலும் கடைகளிலும் உள்ள கஷ்டம்.

பாட்டு போகவில்லை. பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்க வழியும் இருக்கிறது.

ஏன் ஓடவில்லை?

கடலூரில் இருந்து குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்லும் ரெயில் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 1 மீட்டர். பிறகு அது அகலப் பாதை ஆனது. இடைவெளி 1.676 மீட்டர். பழைய ரெயில் பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும், புதிய பாதையில் ஓட முடியுமா? முடியாது!

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். எல்லாப் புரோகிராம்களையும் ஓட வைக்கும் தாய்ப் புரோகிராம் ஒன்று உண்டு. 1981-ல் வந்த 'டாஸ்' அப்படிப்பட்டது. அது '16 பிட்' பாதை. இன்றைய விண்டோஸ் '64 பிட்' பாதை. 2021-ல் வந்த விண்டோஸ் 11 முழுக்க 64 பிட்தான். 16 பிட் புரோகிராமுக்கு அதில் இடம் இல்லை.

கனடாவில் வாழ்ந்த டாக்டர் சீனிவாசன், 1984-ல் 'ஆதமி' என்ற தமிழ்ப் புரோகிராமை உருவாக்கினார். அதுவும் டாஸ் காலத்துப் புரோகிராம்தான்.

மூன்று வழிகள்

முதல் வழி சுலபமானது. விண்டோஸ் 95, எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் பலவற்றுக்கு இது உதவும். புரோகிராமின் மீது மவுசின் வலது பொத்தானை அழுத்த வேண்டும். 'பிராப்பர்ட்டீஸ்' என்பதில் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற பக்கம் இருக்கும். அதில் பழைய விண்டோஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், புதிய விண்டோஸ் பழையது போல நடிக்கும்!

இரண்டாவது வழி, 'டாஸ்பாக்ஸ்'. 2002-ல் வெளிவந்த இலவசப் புரோகிராம் இது. அகலப் பாதை ஸ்டேஷனுக்குள் ஒரு துண்டு மீட்டர் கேஜ் பாதை போட்டது போல, புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரையே உண்டாக்கிவிடும். பழைய புரோகிராம் தன் வீட்டில் இருப்பதாகவே நினைத்து ஓடும்.

மூன்றாவது வழி, 'வர்ச்சுவல்பாக்ஸ்'. பழைய விண்டோஸ் முழுவதையும் இதற்குள் குடிவைக்கலாம். அதற்குப் பழைய விண்டோஸ் டிஸ்க் வேண்டும். ஓர் எச்சரிக்கை: எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு உதவி 2014-லேயே நின்றுவிட்டது. அதை இன்டர்நெட்டில் இணைக்கக் கூடாது.

சில புரோகிராம்கள் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டைச் செருகினால்தான் ஓடும். அந்தப் பூட்டு தொலைந்திருந்தால் சிரமம்தான்.

எழுத்து மாறாட்டம்

புரோகிராம் ஓடினால் மட்டும் போதாது. தமிழுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. பழைய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. 'பாமினி'யில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று தெரியும். அம்மாவை யார் அடையாளம் கண்டுகொள்வது?

இதற்கு மருந்து 'யூனிகோடு'. உலகம் முழுவதற்கும் ஒரே எழுத்து முறை இது. 2010 ஜூன் மாதம் தமிழக அரசும் இதை ஏற்றுக்கொண்டது. பாமினி போன்றவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை படித்துத் திருத்துவது அவசியம்.

ஆகவே, முதலில் பழைய பிளாப்பிக்கும் சி.டி.க்கும் பிரதி எடுங்கள். பிறகு பழைய புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். திறந்ததும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நாளை செய்யலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பிளாப்பி பூசணம் பிடித்தால் எந்த வித்தையும் பலிக்காது!

குள்ளஞ்சாவடி மகளும் டாஸ்பாக்ஸைப் போட்டாள். திரை கருத்தது. பழைய புரோகிராம் கண் விழித்தது. ஆயாவின் பாட்டு வரி வரியாக வந்து நின்றது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே அது பாட்டாக மாறிவிட்டது.

"மெதுவாப் பாடுப்பா" என்று சொல்லிவிட்டு, மகள் யூனிகோடில் டைப் அடிக்க ஆரம்பித்தாள்.