கத்தும் பிரேக்குக்கு எண்ணெய் விடலாமா?

பொழுது விடியும் நேரம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு. மேட்டின்மேல் ஒரு குப்பம். கரையில் படகுகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் ஒரு ஜீப்.

டிரைவர் வண்டியை எடுக்கிறார். பத்து அடி போனதும் பிரேக்கை மிதிக்கிறார்.

"கிறீ...ச்!"

காது கூசுகிறது. மணலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிறது. வலை பிரித்துக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"என்ன தம்பி, வண்டி இப்படிக் கத்துது? சக்கரத்திலே கொஞ்சம் எண்ணெய் விடக் கூடாதா?"

"அதுதான் அண்ணே நானும் நினைச்சேன்" என்று சொல்லி, டிரைவர் எண்ணெய் டப்பாவைத் தேடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்த டிரைவர் எண்ணெய் விட்டால் என்ன நடக்கும்? சத்தம் நின்றுவிடும். ஆம்! கூடவே இன்னொன்றும் நின்றுவிடும். பிரேக் பிடிப்பதும் நின்றுவிடும்!

மாட்டு வண்டிப் பழக்கம்

எண்ணெய் விடும் யோசனை எங்கிருந்து வந்தது? மாட்டு வண்டியிலிருந்து வந்தது.

மாட்டு வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் அச்சில் வண்டி மை போடுவார்கள். கதவுக் கீல் கத்தினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். கிணற்று ராட்டினம் கத்தினாலும் அதே வைத்தியம்தான்.

அது சரியான வைத்தியமே. அச்சும் கீலும் ராட்டினமும் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டியவை. அங்கே உராய்வு எதிரி.

பிரேக்கின் கதை வேறு. அதற்கு உராய்வுதான் உயிர். உராய்வு போனால் பிரேக்கும் போயிற்று!

சைக்கிளைப் பார்த்தால் புரியும்

டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்கிறது? சைக்கிளைப் பார்த்தால் போதும்.

சைக்கிளில் பிரேக் பிடித்தால் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கர வளையத்தை இரு பக்கமும் கவ்வுகின்றன. சக்கரம் நிற்கிறது. டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான்.

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். தோசைக்கல்லின் நடுவே ஓட்டை போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். அதன் இரு பக்கமும் இரண்டு பட்டைகள். அவை பேட். பட்டைகளைப் பிடித்து அழுத்தும் இடுக்கிக்குக் காலிப்பர் என்று பெயர். கால் மிதித்தால் குழாயில் உள்ள பிரேக் திரவம் தள்ளுகிறது. இடுக்கி இறுகுகிறது.

மாருதி ஜிப்சி, பொலிரோ, தார் போன்ற கரடுமுரடுப் பாதை வண்டிகளில் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உண்டு. பின் சக்கரங்களில் பெரும்பாலும் டிரம் பிரேக்.

சரி, சத்தம் ஏன் வருகிறது? பேட் தட்டைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால், தட்டு அதிர்கிறது. தட்டிய வெண்கலத் தாம்பாளம்போல் ஒலிக்கிறது. அந்த அதிர்வுதான் "கிறீச்"!

பிறந்தபோதே கத்தியது!

டிஸ்க் பிரேக் கத்துவது புதிய சங்கதி அல்ல. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் உலோகத் தட்டை உலோகத்தாலேயே கவ்வ வைத்தார். வண்டி நின்றது. ஆனால் சத்தம் ஊரைக் கூட்டியது!

அதே நாட்டில் ஹெர்பர்ட் புரூட் என்று ஒருவர் இருந்தார். மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்சைக் கட்டி ஓட்டுவதை அவர் பார்த்தாராம். அதைப் பார்த்துத்தான் பிரேக்குக்குத் தனியாகப் பட்டை செய்யும் எண்ணம் அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். பின்னாளில் அவர் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டைகளைச் செய்தார். சத்தம் அடங்கியது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு என்பது பிறகு தெரிந்தது.

1953-ல் பிரான்சில் நடந்த லெ மான்ஸ் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன்பின் டிஸ்க் பிரேக் உலகெங்கும் பரவியது.

சென்னையும் பின்தங்கவில்லை. 1962-ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலை தொடங்கியது. இன்று பிரேக் செய்யும் தொழிலில் சென்னைக்குப் பெரிய பெயர். அந்தச் சென்னைக்கு வடக்கே ரயிலில் போனால் எண்ணூர் தாண்டி வருவது மீஞ்சூர். அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு.

உப்பும் மணலும்

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. ஒடிசாவின் சில்கா ஏரிதான் முதலாவது. ஏரி நீரில் கடல் உப்பு கலந்திருக்கிறது. காற்றிலும் உப்பு. தரையெல்லாம் மணல்.

லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் பக்கம் போகும் வண்டி மூன்று எதிரிகளைச் சந்திக்கிறது.

முதல் எதிரி துரு. டிஸ்க் வெறும் இரும்பு. அதற்குப் பெயிண்ட் கிடையாது. ஒரு ராத்திரி உப்புக் காற்றில் நின்றாலே மேலே செந்நிறத் துரு படரும். காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கத்தும். பேட் தேய்த்துத் துருவை எடுத்ததும் அடங்கிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது எதிரி மணலும் கல்லும். டிஸ்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு இருக்கும். தகட்டுக்கும் டிஸ்குக்கும் நடுவே ஒரு சின்னக் கல் சிக்கினால் போதும். தகரத்தைக் கிழிப்பதுபோல் சத்தம் வரும்! வண்டியே உடைந்துவிட்டதோ என்று தோன்றும். மெதுவாகச் சில அடி பின்னால் எடுத்தால் பல நேரம் கல் தானே விழுந்துவிடும்.

மூன்றாவது எதிரி உப்புத் தண்ணீரும் சேறும். அவை காலிப்பருக்குள் புகுந்து, அது நகரும் ஊசிகளை இறுக்கிவிடும். பிறகு காலிப்பர் சரியாக விலகாது. ஒரு பேட் மட்டும் தேயும். சக்கரம் சூடேறும்.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

குழந்தை அழுதால் பசியா, வயிற்று வலியா என்று தாய் கண்டுபிடிப்பாள். வண்டியும் அப்படித்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொருள் உண்டு.

காலையில் மட்டும் கிறீச்: துரு. கவலை இல்லை.

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்: பேட் முகத்தில் தூசி படிந்திருக்கலாம். அல்லது சூட்டில் அது கண்ணாடிபோல் பளபளப்பாகி இருக்கலாம். அல்லது பேட்டின் முதுகில் உள்ள அதிர்வு தாங்கும் தகடு கழன்றிருக்கலாம். ஒரு வாரத்துக்குள் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது கீச்சென்று கேட்கும், பிரேக்கைத் தொட்டால் நிற்கும்: இது பெரும்பாலும் பேட் தேய்ந்ததற்கு எச்சரிக்கை. பேட்டில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கைத் தொட்டுக் கூவும். கூவுவதற்காகவே வைத்தது!

மேடு பள்ளத்தில் கடகட: பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால், பேட் தன் இடத்தில் ஆடுகிறது என்று பொருள். அதைப் பிடிக்கும் கிளிப் விழுந்திருக்கலாம். தொட்டும் நிற்கவில்லையா? சக்கர நட்டு, காலிப்பர் போல்ட், பேரிங் ஆகியவற்றை அன்றே பார்க்க வேண்டும்.

கரகரவென்று இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம்: பேட்டே இல்லை! வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும். கல் சிக்கியிருந்தால் எடுத்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

சரி செய்யும் முறை

இதை வேலை தெரிந்த மெக்கானிக் செய்வதே நல்லது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. வண்டி கெட்டித் தரையில் நிற்க வேண்டும். மணலில் ஜாக்கி வைத்தால் புதையும், சரியும். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டும் கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

2. பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது. காற்றுக் குழாயும் கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியாலோ, பிரேக் துடைக்கும் திரவத்தாலோ துடைக்க வேண்டும்.

3. பேடின் கனத்தைப் பார்க்க வேண்டும். 3 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்.

4. பேட் முகம் லேசாகப் பளபளத்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம். வெடிப்பு இருந்தால் புதுசு போட வேண்டும். டிஸ்கில் ஆழமான கோடு விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எவ்வளவு தேயலாம் என்ற அளவு பல டிஸ்குகளில் பொறித்திருக்கும். அதற்கும் கீழே தேய்ந்த டிஸ்கை மாற்றியே ஆக வேண்டும்.

5. காலிப்பர் ஊசிகளைத் துடைத்து, அதற்கென்றே உள்ள பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். பேட்டின் முதுகிலும் ஓரத்திலும் மிக மெல்லிய பூச்சு போதும். பேட்டின் முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது!

6. பழைய கிளிப்புகளை மாற்ற வேண்டும். கடகட சத்தத்துக்குச் சில சமயம் இந்தச் சின்ன விஷயமே மருந்து.

7. வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதிக்க வேண்டும். முதல் மிதி வெறுமையாகப் போகும். இதை மறந்து வண்டியை எடுத்தால் எதிரே உள்ள சுவர்தான் பிரேக்!

புதுப் பேடுக்குப் பழக்கமும் வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து 10-க்குக் குறைக்க வேண்டும். நடுவே ஆறவிட்டு, பத்து முறை இப்படிச் செய்தால் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று இணங்கும். இணங்காத ஜோடிதான் கத்தும்!

வீட்டுக்காரர் செய்யக் கூடியது

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. உப்பு நீரிலும் சேற்றிலும் போய் வந்த வண்டியின் சக்கரங்களுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆனால் டிஸ்க் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் தட்டு கோணிப் போகலாம்.

கழுவியதும் அப்படியே நிறுத்திவிடக் கூடாது. மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்த வேண்டும். தண்ணீரில் இறங்கி ஏறியதும் இதையே செய்ய வேண்டும். ஈரப் பிரேக் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது.

ஒரு நொடிக் கணக்கு

இனி அந்த எண்ணெய் டப்பாவுக்கு வருவோம்.

40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. குப்பத்துப் பாதை குறுகலானது. மீன் கூடையோடு பெண்கள் நடக்கிறார்கள். பிள்ளைகள் பந்தைத் துரத்திக் குறுக்கே ஓடி வருகிறார்கள். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பேட்டில் எண்ணெய். ஒரு சத்தமும் இல்லை. வண்டியும் நிற்கவில்லை!

எண்ணெய் ஊறிய பேட்டைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடலாமா? கூடாது. அது குப்பைக்குத்தான்.

கத்தும் பிரேக் இன்னும் பேசுகிறது. அது என்ன சொல்கிறது என்று கேட்டு, காரணத்தைத் தேடிச் சரி செய்தால் சத்தமும் நிற்கும், வண்டியும் நிற்கும். வாயை மட்டும் அடைத்தால், சொல்ல வந்த சேதி கடைசியில் விபத்தாக வந்து சேரும்.

மாட்டு வண்டிக்கு மை. மோட்டார் பிரேக்குக்குக் காது!