பெயர் மாறிய கணினி

தளவாய்புரம், இராசபாளையத்தை அடுத்துள்ள ஊர். 1985ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, இவ்வூர் காமராசர் மாவட்டத்தில் அமைந்தது. 1997இல் அம்மாவட்டம் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதனால் ஊரின் வயல்களோ தையற்கூடங்களோ இடம்பெயரவில்லை. முத்திரைகளும் பெயர்ப்பலகைகளும் கடிதத் தாள்களின் முகவரிகளுமே திருத்தப்பட வேண்டியிருந்தன. கணினியின் பெயரை மாற்றும்போதும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது.

ஒவ்வொரு கணினிக்கும் பிணையத்தில் அதனை அடையாளம் காட்ட ஒரு பெயர் உண்டு. பெயரை மாற்றினால் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தையும் மீண்டும் நிறுவ நேருமோ என்னும் அச்சம் பலருக்கு எழுகிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்தைக் கொண்டு இதனை ஆராயலாம். 2007இல் வெளிவந்த இது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் பொறுப்பு 'டிபிகேஜி' என்னும் கருவியுடையது. ஒவ்வொரு தொகுப்பின் பெயர், பதிப்பு எண், அது சார்ந்துள்ள பிற தொகுப்புகள் முதலியவற்றை அக்கருவி ஒரு கோப்பில் பதிந்து வைக்கிறது. கணினியின் பெயர் அப்பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அது வேறொரு சிறு கோப்பில் ஒரே வரியாக இருக்கிறது. ஆகவே, பெயர் மாறினாலும் நிறுவிய தொகுப்புகள் நிறுவியபடியே இருக்கும்.

எனினும், பழைய பெயரை எழுதி வைத்துக்கொண்ட இடங்கள் சில உண்டு. தளவாய்புரத்துத் தையற்கூடம் ஒன்றில், ஒரு கணினியோடு இணைந்த அச்சுப்பொறியை மற்றொரு கணினி பகிர்ந்து பயன்படுத்துவதாகக் கொள்க. அச்சுப்பொறிக்குச் செல்லும் முகவரியில் முதற்கணினியின் பெயரும் அடங்கியிருந்தால், பெயர் மாறிய அன்றே விலைச்சீட்டுகள் அச்சாகாமல் நின்றுவிடும். அச்சிடும் மென்பொருளில் பழுது ஏதும் இராது. அது பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. டெபியனில் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பைத் திருத்த மறந்தால், மேலாளர் உரிமையுடன் கட்டளை இடும்போதெல்லாம் பெயரை அறிய இயலவில்லை என்ற எச்சரிக்கை தோன்றக்கூடும்.

மேலும் கவனம் வேண்டுவது, தரவுகளைச் சேமிக்கும் இடத்திற்கே கணினியின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் மென்பொருள்களில்தான். நிரல்களுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் 'ரேபிட்எம்கியூ' அத்தகையது. கணினியின் பெயரை மாற்றி அதனை மீண்டும் இயக்கினால், அது புதிய பெயரில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். நிலுவைச் செய்திகள் அனைத்தும் அழிந்துவிட்டனபோல் தோன்றும். உண்மையில் அவை பழைய பெயருள்ள அடைவிலேயே இருக்கும். இதனை அறியாமல் மென்பொருளை முற்றிலும் நீக்கி மீண்டும் நிறுவுவோர், இருந்த தரவையும் இழக்க நேரிடும்.

கணினியின் பெயரோடு இணைத்து வழங்கப்பட்ட உரிமங்களும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் பெயர் மாறியபின் செல்லாமற் போகலாம். எனவே, பெயரை மாற்றுமுன் தரவுகளுக்கு நகல் எடுத்துவைத்து, அமைப்புக் கோப்புகளில் பழைய பெயர் எங்கெங்கு வருகிறது எனத் தேடிக் குறித்துக்கொள்வது வல்லுநர் வழக்கம். பல கணினிகளில் அத்தேடல் இரண்டு மூன்று வரிகளோடு முடிந்துவிடும்.