பிள்ளையைப் பார்த்துப் பணம்

டீ ஆறுவதற்குள் இந்தக் கணக்கைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அரசுப் பள்ளிச் செலவில் பெரும்பங்கை அந்தந்த ஊரின் சொத்து வரியே சுமந்து வந்தது. கேட்டால் நியாயம்போலத்தான் தோன்றும். கலிபோர்னியாவின் 1968-69 கணக்கைப் பாருங்கள். பால்ட்வின் பார்க் சாதாரண ஊர். 100 டாலர் சொத்து மதிப்புக்கு 5.48 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். பணக்காரர்களின் பெவர்லி ஹில்ஸில் 2.38 டாலர்தான். ஆனால் ஒரு பிள்ளைக்குச் செலவானது அங்கே சுமார் 1,232 டாலர், பால்ட்வின் பார்க்கில் 577. இரு மடங்குக்கு மேல் வரி கட்டிய ஊருக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. பங்களாக்களின் விலை அப்படி.

1971இல், இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்த செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளையின் படிப்பு அக்கம்பக்கத்தாரின் சொத்தை நம்பி இருக்கக் கூடாது என்றது. சரி, எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்துவிட்டால் போதுமா? வீட்டில் ஆங்கிலமே பேசாத பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வேண்டுமே!

அதற்குத்தான் 2013இல், ஜெர்ரி பிரவுன் ஆளுநராக இருந்தபோது, புதுச் சூத்திரம் வந்தது. அடிப்படைத் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். ஏழைப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 20. ஒரே பிள்ளை மூன்று வகையிலும் வந்தாலும் ஒருமுறைதான் எண்ணுவார்கள். 100 பிள்ளைகளில் 70 பேர் இப்படிப்பட்டவர்கள் என்றால், 55ஐத் தாண்டிய 15 பேருக்காக இன்னும் தனித்தொகை உண்டு. ஆளுக்கு 50 என்று இருந்ததை 2021இல் 65 ஆக்கினார்கள். வறுமை ஒரே இடத்தில் குவிந்தால் பாரம் பல மடங்காகும் என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு இது. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஓட்டையும் உண்டு. பிள்ளையை எண்ணித்தான் பணம் கணக்கிடுகிறார்கள். ஆனால் அது போய்ச் சேர்வது பல பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின் கையில். கூடுதல் தொகை அதற்குரிய பிள்ளைகளுக்கே செலவாகிறதா என்பதை உறுதிசெய்ய வழியில்லை என்று 2019இல் மாநிலத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். மிச்சமான கூடுதல் தொகையை அடுத்த ஆண்டு வேறு செலவுக்குத் திருப்பிவிட முடிந்தது. அதற்குப் பிறகு கட்டுப்பாடு வந்தது.

இன்னொன்று: பணம் தருவது பதிவேட்டிலுள்ள பெயர்களுக்கு அல்ல, தினசரி வருகையின் சராசரிக்கு. நோயாலும் வீட்டு நெருக்கடியாலும் அதிகம் விடுப்பு எடுப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கும் இந்த விதியைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.